மண்கோட்டையும் ஆடு போன சுரங்கமும்

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கத்திலுள்ள மேடு ஒன்று பழைய மண்கோட்டை என்றும், அதன் அடியிலிருக்கும் பிலத்தில் (சுரங்கத்தில்) இறக்கிவிட்ட ஆடு இராமேசுவரத்தில் வெளிவந்தது என்றும் என் அப்பத்தா சொல்வார். இதில் எவ்வளவு உண்மை?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: கோட்டையை நம்பலாம், ஆட்டை நம்புவதுதான் கடினம்.

கல் அரிதான இந்தக் கரையில் கண்மாய்க் களிமண்ணைக் குழைத்து மதில் எழுப்புவதே எளிய வழியாக இருந்தது. பீரங்கிக் குண்டு பட்டால் கல்மதில் சிதறும், மண்மதிலோ குண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் என்பதால் அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. இராமநாதபுரத்திலேயே முதலில் மண்கோட்டைதான் இருந்தது. போகலூரிலிருந்து தலைநகரை அங்கே மாற்றிய மன்னர் கிழவன் சேதுபதி அதைக் கற்கோட்டையாக்கினார். கவனிப்பாரற்றுப்போன மண்மதில் மழையில் கரைந்து மேடாகும், அகழி தூர்ந்து ஊருணியாகும். பெயர் மட்டும் எஞ்சும். அழகன்குளத்தில் மக்கள் கோட்டைமேடு என்று அழைத்துவந்த இடத்தைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 முதல் பல பருவங்களில் அகழ்ந்தபோது, ரோமானிய நாணயங்களும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் கப்பல் உருவம் கீறிய ஓடு ஒன்றும் கிடைத்தன. எனவே அப்பத்தாக்கள் சொல்லும் இடப்பெயர்களை நான் அலட்சியம் செய்வதில்லை.

சுரங்கத்துக்கு மண்ணே இடம் கொடுக்காது. கடலோர மணலில் ஊற்றுத் தோண்டினால் சில அடிகளிலேயே நீர் ஊறுகிறது. அதையும் மீறி இராமேசுவரம் போக வேண்டுமானால் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான பாம்பன் கடலுக்கு அடியில் குடைந்திருக்க வேண்டும். 1914இல் ரயில் பாலம் வரும்வரை யாத்திரிகர்கள் படகுக்குக் காத்துக்கிடந்தார்கள். ஆடு கண்ட வழி சேதுவின் காவலர்களான சேதுபதிகளுக்குத் தெரியாமலா போயிருக்கும்?

ஆயினும் கதைக்கு ஒரு வேர் இருக்கலாம். கோட்டைகளில் தானிய நிலவறைகளும், மதிலுக்கு அடியில் நீர் வெளியேறும் வழிகளும் இருப்பது வழக்கம். சுருங்கை என்ற பழஞ்சொல்லே நிலத்தடி வழியையும் மூடிய நீர்க்காலையும் ஒருங்கே குறிக்கும். இடிந்த நீர்க்காலின் வாயைக் கண்ட சிறுவர்களுக்கு அது முடிவில்லாத பிலமாகத் தோன்றியிருக்கக் கூடும். 1772இல் கும்பினியும் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) ஆற்காட்டு நவாபும் சேர்ந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்ததைப் போன்ற நிகழ்ச்சிகளுக்குப் பிறகு, தம் மன்னர் தப்பிச் செல்ல ஒரு வழியாவது இருந்திருக்க வேண்டும் என்று குடிகள் விரும்பியதும் இயல்பே.

மழை பெய்து ஓய்ந்ததும் அந்த மேட்டுக்குப் போய், மண் கழுவி வெளித்தெரியும் பானை ஓடுகளைப் பாருங்கள், தோண்டிவிடாதீர்கள். கோட்டை வாசல் எந்தத் திசையில் இருந்தது என்று அப்பத்தாவிடம் கேட்டு எழுதினால் மகிழ்வேன்.