கோத்தா சீதனமாக வந்ததா?

அன்புள்ள ஐயா,

விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட்டின் கொடிவழியை வரைந்துகொண்டிருக்கிறேன். தந்தை எர்ன்ஸ்ட், ஜெர்மனியில் சாக்ஸ்-கோபர்க்-சால்ஃபெல்ட் என்ற சிற்றரசின் டியூக். தாய் லூயிஸ், சாக்ஸ்-கோத்தா-ஆல்டன்பர்க் டியூக்கின் ஒரே மகள். பின்னாளில் இக்குடும்பத்தின் பெயர் சாக்ஸ்-கோபர்க்-கோத்தா ஆகிவிடுகிறது. கோத்தா லூயிஸின் சீதனமாக வந்தது என்று கொள்ளலாமா? சால்ஃபெல்ட் என்ன ஆயிற்று?

எஸ்.கே.

அன்புள்ள எஸ்.கே.,

அப்படிக் கொள்ள முடியாது. அந்தக் குடும்பத்தில் ஆட்சியுரிமை பெண்வழியில் இறங்குவதில்லை. ஒரு கிளையில் ஆண் வாரிசு அற்றுப்போனால் அதன் நிலம் தாயாதிகளுக்குத்தான் போகும். லூயிஸின் தந்தை டியூக் ஆகஸ்ட், 1822இல் இறந்தபோது, ஒரே மகள் உயிருடன் இருக்க, பட்டம் அவருடைய தம்பி நான்காம் ஃபிரெடரிக்குக்கே சென்றது.

உங்கள் கொடிவழியை இன்னும் மேலே கொண்டுபோனால் இது தெளிவாகும். எர்ன்ஸ்டுக்கு ஐந்து தலைமுறை மேலும் லூயிஸுக்கு ஆறு தலைமுறை மேலும் நிற்பவர் ஒருவரே: முப்பதாண்டுப் போரின் நடுவே, 1643இல், கோத்தாவில் ஃபிரீடன்ஸ்டைன் அரண்மனையைக் கட்டத் தொடங்கிய ‘பக்திமான்’ எர்ன்ஸ்ட். அவர் 1675இல் மறைந்தபோது ஏழு மகன்கள் இருந்தார்கள். சேர்ந்தே ஆளவேண்டும் என்ற தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றச் சில ஆண்டுகள் முயன்று, முடியாமல், 1680-81இல் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கோத்தா, கோபர்க், மைனிங்கன், ரோம்ஹில்ட், ஐசன்பர்க், ஹில்ட்பர்க்ஹவுசன், சால்ஃபெல்ட் என்று ஏழு சிற்றரசுகள் பிறந்தன. ஆனால் எழுவருமே ‘சாக்ஸனி டியூக்’ என்ற பட்டத்தை வைத்துக்கொண்டார்கள். ஆகவே பெயரின் முற்பாதியான ‘சாக்ஸ்’ (அதாவது சாக்ஸனி) பிறந்த குலத்தையும், பிற்பாதி கைக்கு வந்த பங்கையும் குறிக்கின்றன. பங்கு மாறினால் பெயரும் மாறும். கொடிவழி வரைபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

கடைசி மகன் யோஹான் எர்ன்ஸ்டுக்குக் கிடைத்தது சால்ஃபெல்ட். கோபர்க்கைப் பெற்ற ஆல்பிரெக்ட் 1699இல் ஆண் வாரிசின்றி இறக்க, பங்காளிகள் பல்லாண்டு வழக்காடி, 1735இல் கோபர்க் சால்ஃபெல்ட் கிளையிடம் வந்தது. அந்தக் கிளையில் 1747இல் மூத்த மகனுக்கே நாடு முழுவதும் என்ற விதி ஏற்பட்டது. அதன்பின் இளையவர்கள் வெளியே வாழ்வு தேடவேண்டியிருந்தது. ஆல்பர்ட்டின் சிறிய தந்தை லியோபோல்ட் 1831இல் பெல்ஜியத்தின் அரசரானதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. நான்காம் ஃபிரெடரிக் 1825இல் இறந்ததும் கோத்தா கிளை முடிந்தது. மைனிங்கன், ஹில்ட்பர்க்ஹவுசன், கோபர்க்-சால்ஃபெல்ட் என்று எஞ்சிய மூன்று கிளைகளும் உரிமை கோரின. இவர்களுக்குத் தூரத்துத் தாயாதியான சாக்ஸனி அரசர் ஃபிரெடரிக் ஆகஸ்ட் நடுவராக இருந்து, 1826 நவம்பர் 12 அன்று தீர்வு கண்டார். ஆல்பர்ட்டின் தந்தை எர்ன்ஸ்ட் கோத்தாவைப் பெற்று, சால்ஃபெல்டை மைனிங்கனுக்கு விட்டுக்கொடுத்தார். ஹில்ட்பர்க்ஹவுசன் டியூக் தம் நாட்டின் பெரும்பகுதியை மைனிங்கனிடம் ஒப்படைத்துவிட்டு, கோத்தா கிளையிடம் இருந்த ஆல்டன்பர்க்கின் டியூக் ஆனார். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு தலைநகராக இருந்த ஹில்ட்பர்க்ஹவுசன் ஒரே கையெழுத்தில் அரசவையை இழந்தது.

இதில் லூயிஸுக்குக் கிடைத்தது எதுவுமில்லை. 1824இலேயே கணவரிடமிருந்து பிரிக்கப்பட்டார். பிள்ளைகள் இருவரும் தந்தையிடமே இருந்தார்கள். தீர்வு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே மணமுறிவும் முடிந்துவிட்டது. 1831இல் பாரிஸில் அவர் இறந்தபோது வயது முப்பதுதான். கோத்தாவை அவருடைய சீதனம் என்று எழுதினால், தந்தையின் நாடு தாயாதிகளிடையே பங்கிடப்பட்டபோது அவர் எங்கே நிறுத்தப்பட்டிருந்தார் என்பது மறைந்துபோகும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் படத்தில் ஒரு திருத்தம் போதும். ஆல்பர்ட் பிறந்த 1819க்கு நேரே கோபர்க்-சால்ஃபெல்ட் என்றே எழுதுங்கள். குடும்பத்தின் பெயர் மாறியபோது அவருக்கு வயது ஏழு.