பூக்காத பொன்னாங்கண்ணியை நம்பாதீர்கள்

கேள்வி: குன்றத்தூர் அருகே 40 சென்ட்டில் பொன்னாங்கண்ணி பயிரிட்டுக் கோயம்பேட்டுக்கு அனுப்புகிறேன். வியாபாரி ஒருவரிடம் வாங்கி நட்ட தண்டுகள் தடித்து, உள்ளே கூடாக வளர்ந்து, வாய்க்காலிலும் மிதந்து படர்கின்றன. பொன்னாங்கண்ணியைப் போலவே தோன்றும் அலிகேட்டர் களையோ என்று அஞ்சுகிறேன். அதை மட்டும் அழிக்கும் மருந்து எது? கிளைபோசேட் என்ற களைக்கொல்லி போதும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: அப்படியொரு மருந்து இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் களையும் நம் பொன்னாங்கண்ணியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஒன்றைக் கொல்வது மற்றதையும் விடாது. பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் வழியாக அன்றிக் கிளைபோசேட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்ததைக் கடைக்காரர் தங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

தாங்கள் கேட்டிருக்க வேண்டியது, தண்டை நடுவதற்கு முன் அதை எப்படி அடையாளம் காண்பது என்பதே. கூடான தண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்; தேங்கிய நீரில் நம் பொன்னாங்கண்ணியின் தண்டும் ஊதிக்கொள்ளும். பூதான் சாட்சி. நாட்டுப் பொன்னாங்கண்ணியின் வெண்பூக்கள் காம்பின்றி இலைக்கணுவிலேயே ஒட்டியிருக்கும். களையிலோ, சின்ன வெள்ளை வாடாமல்லியைப் போன்ற ஒற்றை உருண்டை தனிக்காம்பில் நிமிர்ந்து நிற்கும். காய்ந்த பூவை உள்ளங்கையில் கசக்கினால், நாட்டு வகையில் இதய வடிவில் தட்டையான சிறு காய்கள் உதிரும்; களையில் பெரும்பாலும் பதர்தான் மிஞ்சும்.

ஆனால் விற்பனைக் கீரையைப் பூக்குமுன்பே அறுத்துவிடுகிறோம். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கையர் இந்தக் களையையே பொன்னாங்கண்ணி என்று வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துச் சமைத்தது 1990-களில்தான் தெரியவந்தது. ஆகவே ஒவ்வொரு கீரைத் தோட்டத்திலும் அறுக்காமல் பூக்கவிடும் தாய்ப்பாத்தி ஒன்று, ஒரு சென்ட் அளவிலாவது, இருந்தே தீர வேண்டும் என்று பல ஆண்டுகளாக வற்புறுத்தி வருகிறேன். ‘இடம் வீண்’ என்பவர்கள், குட்டைக்கரையில் பிடுங்கியதைக் கட்டுக்கட்டி ‘நாட்டு ரகம்’ என்று விற்பவரிடம் போய்ப் பணத்தைக் கொடுக்கிறார்கள். தாய்ச்செடியின் பூவைக் காட்டாதவரிடம் ஒரு தண்டும் வாங்காதீர்கள். கழிவுநீர்க் குட்டைகளில் வளரும் நீர்க்களைகள் ஈயம், காட்மியம் போன்றவற்றை உறிஞ்சித் தேக்கிக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பூவைப் பார்க்கும் வரை அந்தப் பாத்தியிலிருந்து கீரை அனுப்பாதீர்கள். களை என்று உறுதியானால் ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஓட்டவே கூடாது. கணுவுள்ள துண்டு ஒவ்வொன்றும் புதுச் செடியாகும். வாய்க்காலின் கீழ்ப்புறம் வலை கட்டி, மிதப்பதை முதலில் வாரியெடுங்கள். பிறகு மண்வெட்டியால் ஆழத் தோண்டித் தடித்த வேரோடு எடுத்து, கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பில் சருகாகும் வரை உலர்த்துங்கள். எருக்குழியில் போட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தைக் கிளறிப் பாருங்கள், மீண்டும் துளிர்க்கும்.