புகை சரி, அடித்தகடு எப்படி இருக்கிறது?

கேள்வி: அண்ணாச்சி, எங்களிடம் இருப்பது 2011 மாடல் வேகன் ஆர். அப்பா வாங்கியது. 1,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை தள்ளுகிறது. தெருமுனை தாண்டினால் தெரிவதில்லை. ஒர்க்‌ஷாப்பில், என்ஜினை இறக்கி ரிங் மாற்ற வேண்டும், கிளட்சும் போய்விட்டது, எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய் என்கிறார்கள். புரோக்கர் வண்டிக்கே 80,000தான் தருவாராம். அம்மாவை மாதம் இரண்டு முறை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இதுதான் வண்டி. சென்னையில் இருக்கும் அண்ணன், 'தள்ளிவிட்டுப் புதுசு எடு' என்கிறார். என்ன செய்ய?
– ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: தம்பி, பணக்கணக்கை அப்புறம் பார்ப்போம். 'தெருமுனை தாண்டினால் தெரிவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம், தேய்ந்த வண்டி அவ்வளவு சீக்கிரம் அடங்காது. ஓடும்போதும் புகை விடும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்னும் தள்ளும். ராத்திரி நின்ற வண்டி காலையில் மட்டும் கொஞ்சம் புகைந்து நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் வால்வ் சீல்தான். அந்தச் சின்ன ரப்பர் சீல்கள் வயதாகி இறுகிவிடும். மேலே தங்கிய ஆயில் ராத்திரியோடு ராத்திரியாகச் சிலிண்டருக்குள் கசியும், காலையில் எரியும். அதை மாற்ற என்ஜினை இறக்க வேண்டியதில்லை. செலவும் 62,000 பக்கம் வராது.

நான் வண்டியைப் பார்க்கவில்லை, நீங்களே சோதித்துவிடுங்கள். சேரன்மகாதேவி வரை ஓட்டிப்போங்கள். பின்னால் ஒருவரை பைக்கில் வரச்சொல்லி, நீங்கள் வேகமெடுக்கும்போது புகை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜ் மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றினால், உங்கள் வண்டியின் மூன்று சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகின்றன என்று முள் காட்டிவிடும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். முள் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் கோளாறு பெரும்பாலும் வால்வ் பக்கம். மூன்றுமே நல்லபடி காட்டினால் ரிங்காக இருக்க வாய்ப்பு குறைவு, முதலில் சீலை மாற்றிப் பாருங்கள். இந்த டெஸ்ட்டைச் செய்யாமல் ரிங் என்று சொல்லும் இடத்தில் தயவுசெய்து வண்டியை விடாதீர்கள்.

இனி, புகையைவிட எனக்குக் கவலை தருகிற விஷயம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் வண்டி எங்கே நின்றது? என் வண்டி திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சீட் மட்டத்துக்குத் தண்ணீரில் கிடந்தது. ஆயில் மாற்றினோம், சீட்டைக் காயவைத்தோம், வண்டி ஓடியது. தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒரு வருடம் கழித்து பஞ்சர் ஒட்டுவதற்காக ஜாக்கி போட்டபோது, வண்டி தூக்கவில்லை. ஜாக்கிதான் உள்ளே போனது. கதவுக்குக் கீழே இருக்கும் தகடு உங்கள் ஊர் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் அந்த என்ஜினுக்கு 40,000 செலவழித்திருந்தேன். அந்தப் பணம் இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது.

அதனால் டிரைவர் காலடியில் கால்மிதியை எடுத்து, விரிப்பையும் தூக்கி, பஞ்சை அமுக்கிப் பாருங்கள். புழுங்கிய வாடை வருகிறதா? ஜாக்கி போடும் இடங்களை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். டங்கென்று கேட்டால் நல்லது. சொத்தென்று கேட்டாலோ, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி உதிர்ந்தாலோ ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். என்ஜினுக்குப் புது உயிர் கொடுக்கலாம், அடி அரித்த வண்டியில் அம்மாவை ஏற்றக் கூடாது. இருக்கிறபடியே, குறையைச் சொல்லியே விற்றுவிடுங்கள்.

அடி உறுதியாக இருந்தால் நான் உங்கள் அண்ணன் பக்கம் இல்லை. 80,000 ரூபாய் வண்டிக்கு 62,000 செலவா என்று கேட்பது சரியான கணக்காகாது. இந்த வண்டி போனால் வேறு வண்டிக்கு எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். 5 லட்சம் கடனை 10 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 10,600 ரூபாயைத் தாண்டும். அவர்கள் கேட்கும் முழுத் தொகையும் ஆறு மாதத் தவணைகூட இல்லை. வெறும் சீலும் கிளட்சும் என்றால் சொல்லவே வேண்டாம். 1,40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்குக் கிளட்ச் தேய்வது சகஜம், அதைக் குற்றமாக எடுக்காதீர்கள். பழைய வண்டி வாங்கலாம் என்றாலோ, அதன் வரலாறு உங்களுக்குத் தெரியாது. இதன் வரலாறு முழுக்கத் தெரியும். வேகன் ஆரின் உயரமான சீட்டில் முட்டி வலிக்காரர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 15 வருடம் முடியும் தேதி அதில் இருக்கும். அதற்குப் பிறகு ஓட்ட எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 5 வருடத்துக்குச் செல்லும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணத்தை 5,000 ரூபாய் ஆக்கினார்கள், இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பசுமை வரி தனி. ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியின் அடியையும் புகையையும் பார்ப்பார்கள் என்பதால் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

டெஸ்ட்டில் முள் என்ன காட்டியது என்று எழுதுங்கள் தம்பி. விரிப்பை மட்டும் இன்றைக்கே தூக்கிப் பார்த்துவிடுங்கள்.