ரிட்டையர் ஆயாச்சு, இனி எங்கே போவது?

கேள்வி: மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. வயது 61, ஊர் மதுரை. முட்டி வலி தவிர உடம்புக்குப் பெரிய குறையில்லை. பேப்பர், டிவி, மத்தியானத் தூக்கம் என்று நாள் ஓடுகிறது. “நீங்க வீட்ல இருந்தா எனக்கு வேலை ரெட்டிப்பாகுது” என்கிறார் மனைவி. மூத்தோர் சங்கம் ஒன்றில் சேர்ந்தேன். சால்வை போடுவதும் அகவிலைப்படி பேசுவதுமாகவே போகிறது. இரண்டு தொண்டு நிறுவனங்களில் “சேவை செய்யத் தயார்” என்று நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன், ஒருவரும் கூப்பிடவில்லை. உருப்படியான வகுப்போ தொண்டோ எங்கே இருக்கிறது? மனைவிக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: சார், முதலில் அந்த இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்தப் புகாரை ஓய்வு பெற்ற பாதிப் பேராவது சொல்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களோடு நெடுநாள் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், உங்களை யாரும் அலட்சியப்படுத்தவில்லை. “எந்த உதவி வேணும்னாலும் செய்றேன்” என்று ஒருவர் வந்தால் அவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிப்பதே அங்கே இருக்கிற இரண்டு மூன்று பேருக்கு இன்னொரு வேலையாகிவிடும், அதனால் நம்பரை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். அடுத்த முறை இப்படிப் போய்ச் சொல்லுங்கள்: “செவ்வாயும் வியாழனும் காலை 10 மணிக்கு வந்து 12 மணிக்குக் கிளம்பிவிடுவேன். வவுச்சர், ரசீது எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, டேலி என்கிற கணக்கு மென்பொருளில் ஏற்றித் தருகிறேன். மூன்று மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் தொடரலாம்.” கிழமை, நேரம், வேலை, முடியும் தேதி. இந்த நான்கும் இருந்தால் அன்றைக்கே நாற்காலி போடுவார்கள்.

கணக்கு என்று சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை. சின்னச் சின்ன இல்லங்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், கோயில் திருப்பணிக் குழுக்கள், ஏன் உங்கள் மூத்தோர் சங்கமே கூட, எல்லாவற்றுக்கும் தலைவலி கணக்குத்தான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி பதிவு செய்த சங்கம் வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த வரவு செலவைப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பல வருஷமாகத் தாக்கலே செய்யாமல், பிறகு வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றவோ நன்கொடை வாங்கவோ முடியாமல் முழிக்கிற சங்கங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு ஷூ பெட்டியில் நூல் கட்டிய பில்கள், பாதிக்குத் தேதி இல்லை, மை மங்கிப்போன பெட்ரோல் ரசீதுகள், பின்பக்கம் யாரோ போன் நம்பர் எழுதிய வெள்ளைத்தாள் வவுச்சர். உங்கள் பிரிவில் இருந்தவருக்கு இதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். பெரிய கணக்குகளை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். ஆடிட்டரிடம் போகும் முன் இந்தப் பெட்டியை ஒழுங்குபடுத்த ஆள் கிடையாது, அதுதான் உங்கள் இடம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கணக்குத் தெரியும் என்றதுமே உங்களைப் பொருளாளர் ஆக்கப் பார்ப்பார்கள். கணக்கு எழுதுங்கள், பணத்தைத் தொடாதீர்கள். அப்படியே பொறுப்பு ஏற்றாலும் காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து, வசூலான பணம் அன்றன்றே வங்கியில், சொந்த ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுங்கள். முப்பது வருஷப் பெயரை ஒரு அன்னதான வசூலில் இழந்தவர்கள் உண்டு.

அடுத்து, அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: சட்டத் தன்னார்வலர். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2009-ல் கொண்டுவந்த திட்டம் இது. வக்கீல் படிப்பு வேண்டாம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், யார் யாரைச் சேர்க்கலாம் என்கிற பட்டியலிலேயே ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், மூத்த குடிமக்கள் என்று எழுதியிருக்கிறது. பயிற்சி கொடுத்து, சட்ட உதவி மையங்களில் உட்கார வைப்பார்கள். வருகிறவர்களுக்கு மனு எழுத உதவுவது, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று வழி சொல்வது, இலவசச் சட்ட உதவிக்கு யார் தகுதியானவர் என்று விளக்குவது, இவ்வளவுதான் வேலை. போகிற நாளுக்கு மதிப்பூதியம் உண்டு; நிரந்தர வேலையோ சம்பளமோ கிடையாது என்பதை அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் அடுத்த தேர்வு எப்போது என்று நேரில் கேளுங்கள். மின் இணைப்புப் பெயர் மாற்றம், கட்டணத் தகராறு எல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த மேசைக்கு வருகிற மனுக்களில் அதுவும் இருக்கும்.

பள்ளிக்கூடம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அரசுப் பள்ளிகளுக்கு உதவ ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று 2022 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இருக்கிறது. அதைவிட நேர் வழி, பக்கத்துத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்ப்பது. நம் ஆட்கள் அங்கே போய் முதலில் செய்வது சொற்பொழிவு. ஒழுக்கம், நேரம் தவறாமை, அந்தக் காலத்தில் நாங்கள் தெருவிளக்கில் படித்தோம்… பிள்ளைகள் பாவம். அங்கே உண்மையில் ஆள் தேவைப்படுவது வாசிப்பைக் காது கொடுத்துக் கேட்க. முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியர் ஒவ்வொருவரையும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. நீங்கள் வராந்தாவில் உட்கார்ந்து, ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷம், எழுத்துக்கூட்டி வாசிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். வராந்தா என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான் உட்கார வேண்டும், பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. பள்ளி இதைச் சொல்லாவிட்டாலும் நீங்களே கடைப்பிடியுங்கள்.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தருகிறேன் என்று பலர் ஆர்வமாக வருவார்கள். நல்ல வேலைதான், ஆனால் மாணவரே அழைத்து வருகிற எழுத்தருக்கு அவரைவிடக் குறைவான படிப்புத்தான் இருக்கலாம் என்ற விதியைப் பல தேர்வுகளில் வைத்திருக்கிறார்கள், ஆகவே பட்டதாரியான உங்களைத் திருப்பி அனுப்பினால் வருத்தப்படாதீர்கள். அவர்களுடைய பாடப் புத்தகத்தை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுங்கள், அதற்கு எந்த விதியும் தடையில்லை. ரத்த தானமும் அப்படித்தான்: நம் நாட்டில் 65 வயது வரை கொடுக்கலாம், ஆனால் முதல் முறையாகக் கொடுப்பவர் 60-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. இதுவரை கொடுத்ததில்லை என்றால் முகாமில் வரிசையை ஒழுங்குபடுத்தப் போங்கள்.

முட்டி ஒத்துழைக்காத நாட்களுக்கு, வீட்டில் இருந்தே செய்கிற வேலைகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது தமிழ் விக்கிமூலம் என்கிற இணைய நூலகம். நாட்டுடைமையாக்கப்பட்ட பழைய நூல்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். கணினி அந்தப் படத்தைப் படித்து எழுத்தாக்கும்போது தப்பு விடும், முக்கியமாகத் துணைக்காலையும் ‘ர’வையும் போட்டுக் குழப்பும். இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் பக்கத்தின் படம், இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்திச் சேமிக்க வேண்டும். ஒருவர் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். லெட்ஜரில் ஒரு பைசா வித்தியாசத்தைத் தேடிப் பிடித்தவர்களுக்கு இது போதையாகிவிடும், எச்சரித்துவிட்டேன். போனில் செய்யாதீர்கள், கண் போய்விடும். பிள்ளைகளின் பழைய லேப்டாப்பை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், 2015 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டை மாடியில் குறைந்தது 15 நிமிஷம் நின்று கண்ணில் பட்ட மைனா, காக்கை, கிளியை எண்ணி இ-பேர்ட் செயலியில் போட்டால் போதும். பழகிவிட்டால் சாமநத்தம் கண்மாய்ப் பக்கம் விடிகாலையில் போகத் தோன்றும்.

வகுப்புகளுக்கு வருவோம். சங்கீதம் கற்க ஆசைப்பட்டு மாவட்ட அரசு இசைப்பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கப் போய் ஏமாந்தவர்கள் உண்டு. அங்கே சேர 12 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். நம் வயதுக்குக் கோயில்களில் மாலையில் ஓதுவார்கள் நடத்தும் தேவார வகுப்பும் திருப்புகழ்ச் சபைகளும்தான் வசதி, கட்டணமும் பெரும்பாலும் இருக்காது. பக்தி இல்லாவிட்டாலும் பண்ணோடு பாடப் பழகலாம், மூச்சுக்கும் நல்லது. படிக்க வேண்டும் என்றால் இக்னோ என்கிற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் உச்ச வயது வரம்பு இல்லை, மதுரையில் மண்டல மையம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் எம்.ஏ. சேராமல் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஞாயிறு காலைகளில் ‘பசுமை நடை’ அமைப்பினர் மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளுக்கு அழைத்துப் போகிறார்கள். முழு மலையும் ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை, கீழக்குயில்குடி அடிவாரத்து ஆலமர நிழலிலேயே உட்கார்ந்துவிடலாம். பொழுதுக்கு ஒரு இடம் மட்டும் போதும் என்றால், 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மூத்தவர்களுக்கான பகல்நேர அன்புச்சோலை மையங்கள் மதுரை உள்ளிட்ட நகரங்களுக்கு 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டவை. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் எங்கே என்று சொல்வார்கள்.

மதுரைக்காரர் என்பதால் உங்களிடம் யாராவது அரவிந்த் கண் மருத்துவமனைக் கதையைச் சொல்லியிருப்பார்கள். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 58 வயதில் அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார் என்பது உண்மைதான். அதற்காக ரிட்டையர் ஆன எல்லோரையும் அதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. வாரத்தில் நாலு மணி நேரம் போதும் சார்.

இப்போது உங்கள் மனைவி. அவர் சொன்ன வாக்கியத்தை நகைச்சுவையாக எழுதியிருக்கிறீர்கள், நான் அப்படிப் படிக்கவில்லை. நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள், அவர் பெறவில்லை. முன்பெல்லாம் காலை 9 மணிக்கு மேல் வீடு அவருடையதாக இருந்தது. இப்போது பதினோரு மணிக் காபி, ஒரு மணிக்குச் சுடச்சுடச் சாப்பாடு, நாலு மணிக்கு மறுபடி காபி. அவரை எந்த வகுப்புக்கு அனுப்பலாம் என்று யோசிப்பதற்கு முன், வாரத்தில் இரண்டு மத்தியானம் சமையலும் பாத்திரமும் உங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைத்தால்தான் அவருக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்கே தெரியும், இத்தனை வருஷம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆர்வம் இருந்தால் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள். இது ஊதியம் இல்லாத வேலை, அரசுப் பள்ளியில் கேட்டாலே விவரம் கிடைக்கும். படிக்க வருகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள்தான், கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் ஆசையோடு வருகிறவர்கள். ஆண் ஆசிரியரிடம் கூச்சப்படுகிறவர்கள் உங்கள் மனைவியிடம் வாய்விட்டுக் கேட்பார்கள். இருவரும் ஒரே இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். போக்குவரத்துச் செலவும் அவருக்குக் கிடையாது, சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மூத்தோருக்கு மாதம் 10 இலவச டோக்கன் என்பது சென்னையோடு சரி, ஆகவே நீங்கள் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும்.

அந்த மூத்தோர் சங்கத்தை விட்டு விலகச் சொல்ல மாட்டேன். அங்கே ஒரு வேலையை நீங்களே உண்டாக்கலாம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும், 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஜீவன் பிரமாண் என்கிற மத்திய அரசின் இணைய வசதி வழியாகப் போன் கேமராவில் முகம் காட்டியே முடித்துவிடலாம் என்பது தெரியாமல் வங்கியில் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நல்ல வெளிச்சம் விழுகிற ஜன்னல், இவ்வளவு இருந்தால் சங்கத்திலேயே செய்து கொடுக்கலாம். ஓடிபியை அவர்களே டைப் செய்யட்டும், யாருடைய ஆதார் எண்ணையும் நீங்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, சேவை செய்ய முன்பணம் கட்டச் சொல்கிற இடம், அடையாள அட்டைக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிற ‘மனித உரிமை’ அமைப்பு, யோகா முடிந்ததும் சத்துமாவு ஏஜென்சி எடுக்கச் சொல்கிற வகுப்பு, இவற்றில் எது வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். சங்கங்களைச் சுற்றி இந்தக் கூட்டம் எப்போதும் இருக்கும், குறிப்பாக ஓய்வூதியப் பலன்கள் கைக்கு வந்த முதல் இரண்டு வருஷம். சந்தேகம் இருந்தால் 14567-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்.