முறுக்கு கம்பெனி அட்வான்ஸ், ஜவுளிக்கடை ஸ்டூல், பிஎஃப் பாக்கி: தொழிலாளர் கேள்வி பதில்

கேள்வி: என் தங்கை மகனுக்கு 15 வயது. பக்கத்து ஊர் ஏஜென்ட் 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து ஆந்திராவில் முறுக்கு கம்பெனிக்குக் கூட்டிப்போனார். பொங்கலுக்கும் அனுப்பவில்லை. கேட்டால், "பாக்கியைக் கட்டிட்டுப் பையனைக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார். எழுதாத பத்திரத்தில் தங்கை கைநாட்டு வைத்திருக்கிறாள். வட்டிக்கு வாங்கியாவது கட்டிவிடலாமா?
– வாசகர், உசிலம்பட்டி வட்டாரம்

பதில்: கட்டாதீர்கள். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆளைப் பிடித்து வைக்கக் கொடுத்த அட்வான்சும் செல்லாது, அதற்கு எழுதி வாங்கிய பத்திரமும் செல்லாது. அப்படி அட்வான்ஸ் கொடுப்பதற்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. பையன் 18 வயதுக்குக் கீழ் என்பதால் சிறார் நீதிச் சட்டம், 2015-ன் 79-வது பிரிவும் சேரும். சிறுவரைக் கட்டிவைத்து வேலை வாங்கினாலோ, சம்பளத்தைத் தராமல் பிடித்து வைத்தாலோ 5 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம்.

இனி ஏஜென்டிடம் போனில் சண்டை போட வேண்டாம், "போலீசுக்குப் போவேன்" என்று மிரட்டவும் வேண்டாம். விஷயம் தெரிந்தால் அன்று ராத்திரியே பையனை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். மீட்பு முயற்சிகள் பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான்.

முதலில் கம்பெனி இருக்கும் இடத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள். பையன் இறங்கிய ரயில் நிலையம், பக்கத்துக் கடை போர்டு, அட்வான்ஸ் ஜிபேயில் வந்திருந்தால் அனுப்பியவர் பெயர் எல்லாம் உதவும். அவன் ரகசியமாகப் பேச முடிந்தால் முறுக்கு பாக்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். லேபிளில் 14 இலக்க உணவு உரிம எண் அச்சடித்திருப்பார்கள். அதை வைத்து உணவுப் பாதுகாப்புத் துறையால் கம்பெனி முகவரியை எடுக்க முடியும்.

அடுத்து குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். கையோடு மதுரை கலெக்டருக்கு ஒரு மனு எழுதி, நகலை உசிலம்பட்டி ஆர்டிஓவுக்கு (வருவாய்க் கோட்டாட்சியர்) கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் ரசீது எண்ணை வாங்காமல் வராதீர்கள். வயதுக்குப் பள்ளி டிசி நகல், ஒரு போட்டோ, ஏஜென்டின் போன் நம்பர், அட்வான்ஸ் வாங்கிய தேதி, கடைசியாகப் பேசிய தேதி ஆகியவை மனுவில் கட்டாயம் இருக்க வேண்டும். காவல் நிலையத்தில் "ஆந்திராவில் நடந்தது, அங்கே போங்க" என்று சொன்னால் நகராதீர்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் இங்கேயே எஃப்ஐஆர் போட்டு அந்த ஊருக்கு அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது.

ரெய்டு நடந்ததும் முதலாளி ஆயிரமோ ஐயாயிரமோ பையன் கையில் திணித்து, "சொந்தக்காரப் பையன், லீவுக்கு வந்தான்" என்பார். பையனை அந்த மாவட்ட ஆர்டிஓ அல்லது சப்-கலெக்டர் விசாரித்து வாக்குமூலம் எழுத வேண்டும். அதில் அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை மணிக்கு எழுப்பினார்கள், எப்போது படுக்க விட்டார்கள், வெளியே போக விட்டார்களா, போன் கொடுத்தார்களா, சம்பளம் கையில் வந்ததா என்பதெல்லாம் வர வேண்டும். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு, பையனுடையது அல்ல. கொத்தடிமையிலிருந்து மீட்டதற்கு அந்த அதிகாரி தரும் விடுதலைச் சான்று கைக்கு வராமல் ரயில் ஏறக் கூடாது. அது இருந்தால்தான் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மத்தியத் திட்டத்தில் சிறுவர்களுக்கு உள்ள 2 லட்ச ரூபாய் மறுவாழ்வுத் தொகை, வழக்கில் தண்டனை உறுதியான பிறகே வரும். அதனால் சாட்சி சொல்லக் கூப்பிடும்போது தவறாமல் போங்கள்.

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. காலை 9.30 முதல் இரவு 9.30 வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். கால் வீங்கிவிடுகிறது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் ஃபைன் போடுகிறார்.
– வாசகி, மதுரை

பதில்: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை போட வேண்டும், வேலைக்கு இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். உட்கார்ந்ததற்கு ஃபைன் போடுவது அநியாயம், சட்டத்துக்கும் விரோதம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனாலும் நீங்கள் 11 மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள். சட்டப்படி நாளுக்கு 8, வாரத்துக்கு 48. அதற்கு மேல் பார்த்தால் இரட்டைச் சம்பளம், அந்த ஓவர்டைமுக்கும் வரம்பு உண்டு. ஓவர்டைம் சேர்த்தாலும் 11 மணி நேரத்துக்கு அனுமதியே இல்லை.

சின்ன நோட்டில் தினமும் வந்த நேரம், போன நேரம், பிடித்த ஃபைன் மூன்றையும் குறித்து வாருங்கள். தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்குப் புகார் எழுதுங்கள். பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று அதிலேயே கேட்கலாம். எந்த மாடி, எந்த செக்‌ஷன் என்பதோடு, கூட்டம் கூடும் மாலை 6 மணிக்கு மேல் வந்து பார்க்கச் சொல்லி எழுதுங்கள். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் குடோனில் கிடக்கும் ஸ்டூல் அன்று மட்டும் கவுன்டருக்கு வரும். 6 மாதம் வேலை பார்த்துவிட்டால், தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ சம்பளமோ இல்லாமல் உங்களை நிறுத்த முடியாது.

கேள்வி: கப்பலூர் சிட்கோவில் வேலை. மாதாமாதம் பிஎஃப் பிடிக்கிறார்கள். கட்டுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், திருமங்கலம்

பதில்: யுஏஎன் என்ற உங்கள் பிஎஃப் எண்ணோடு இணைத்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுங்கள். கடைசியாகக் கட்டிய தொகையும் மொத்த இருப்பும் எஸ்எம்எஸ்ஸில் வரும். ஒரு மாதத் தொகையை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் முதலாளி கட்டியாக வேண்டும். உங்கள் 12 சதவீதத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். பிடித்ததைக் காட்டும் சம்பள ஸ்லிப்புகளோடு லேடி டோக் கல்லூரி சாலையில் உள்ள பிஎஃப் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். வேலையை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டாலோ பூட்டிவிட்டாலோ வசூலிப்பது பெரும்பாடு. ஆதாரில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் பிஎஃப் கணக்கில் அப்படியே இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் எடுக்கும்போது விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.