எளிய இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாம் தெரியும். சேர்த்து எழுதினால் மட்டும் ஏன் தப்பாகிறது?

கேள்வியின் விளக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது இது: "லீவ் மெயிலில் 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதிவிட்டேன். மேனேஜர் எல்லார் முன்னாலும் வாசித்துச் சிரித்தார். ஸ்ட்ராங் தெரியும், ரெயின் தெரியும். சேர்த்தால் என்ன தப்பு?"

ஏற்கெனவே சிலர் டென்ஸ் படியுங்கள், இங்கிலீஷ் பேப்பர் படியுங்கள் என்று பதில் போட்டிருக்கிறார்கள். நான் பேசாமல் கடந்து போயிருப்பேன். "எல்லார் முன்னாலும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது விடவில்லை.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, படித்தது தமிழ் மீடியம் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். நான் அந்த ரகம்தான். காங்கேயம் பக்கம் கிராமம், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், பிறகு பி.காம், பிறகு திருப்பூர்.

முதலில் உங்கள் மழை. மனசுக்குள் "பலத்த மழை" என்று ஓடியிருக்கும், பலத்ததுக்கு ஸ்ட்ராங் போட்டிருப்பீர்கள். தமிழில் மழையும் பலத்த மழை, காற்றும் பலத்த காற்று. இங்கிலீஷில் காற்றுக்குத்தான் ஸ்ட்ராங். மழைக்கு ஹெவி. அதே மழையைக் "கனமழை" என்று நினைத்திருந்தால் தப்பித்திருப்பீர்கள்! சிகரெட்டாக ஊதித் தள்ளுகிறவனும் ஹெவி ஸ்மோக்கர், ரோட்டு நெரிசலும் ஹெவி டிராஃபிக். டீ மட்டும் ஸ்ட்ராங். அது நம் டீக்கடை மாஸ்டருக்கே தெரியும், "ஹெவியா ஒரு டீ" என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் நாம் "லைட்டா ஒரு டீ" என்கிறோம், அவர்கள் அதை "வீக் டீ" என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் காரணம் கிடையாது. அப்படியே பழகிவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது என் கதை.

2011. அந்த ஜனவரியில்தான் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயக்கழிவு ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது என்ற உத்தரவை நிறைவேற்றாததற்காக நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே அடியாக மூடப்பட்டன. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் ஏற்றி வாங்கிக்கொண்டிருந்த நேரம். ஷேடு சரியாக வருமா, சாயம் நிற்குமா என்று துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் எல்லாருக்கும் வயிற்றில் புளி கரைந்துகொண்டிருந்தது. இதைச் சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் ஜூனியர் மெர்ச்சண்டைசர். சாம்பிள் அனுப்புவது, அப்ரூவல் வாங்குவது, எந்த ஸ்டைல் கட்டிங்கில் இருக்கிறது, எது செக்கிங்குக்கு வந்துவிட்டது என்று பையருக்கு மெயில் போடுவது என் வேலை. இங்கிலாந்து பையர், குழந்தைகள் டி-ஷர்ட். நேவி நீல உடம்பு, கழுத்துக்கு வெள்ளை ரிப் பட்டி. கொஞ்சம் கறாரான அம்மா. ஒரு மத்தியானம் ஒரே வரியில் கேட்டார்: "ஹவ் இஸ் த நேவி?"

நேவி அப்போது லைனில் தைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு "லைன்ல நேவி ஓடுது" என்போம். நானும் பெருமையாக, டிக்‌ஷனரிகூடப் பார்க்காமல் பதில் போட்டேன்:

"நேவி கலர் இஸ் ரன்னிங். நோ ப்ராப்ளம்."

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, முதலாளி கேபினுக்குக் கூப்பிட்டார்.

"ஏந் தம்பி, நேவி சாயம் போகுதா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்ல?"

"இல்லீங்ணா, நல்லாத்தான் ஓடுது."

"அந்தம்மாவும் அதையேதான சொல்லுது! ஓடுதுன்னு நீயே எழுதிப்போட்டு நோ ப்ராப்ளம்னு வேற போட்டிருக்கிற!"

எனக்கு விளங்கவே பத்து நிமிஷம் ஆயிற்று. துவைத்தால் துணியின் சாயம் கரைந்து பக்கத்துத் துணியில் ஏறுவதை இங்கிலீஷில் "கலர் ரன்ஸ்" என்பார்களாம். நமக்குச் சாயம் போகும், அவர்களுக்குச் சாயம் ஓடும். நமக்குத் தையல் லைனில் துணி ஓடும், அவர்களுக்கு அங்கே துணி ஓடாது, "இன் ப்ரொடக்‌ஷன்" என்று நிற்கும். கலர், இஸ், ரன்னிங் என்று மூன்றே வார்த்தைகள், மூன்றும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இலக்கணத்திலும் ஒரு பிழை கிடையாது, யாராவது காட்டுங்கள் பார்ப்போம். வெள்ளை ரிப்பெல்லாம் நீலமாகப் போகிறது, இந்தப் பையனுக்கு அது ப்ராப்ளமே இல்லையாம் என்று அந்த அம்மா படித்திருக்கிறார்.

விளக்கி எழுதிய மெயிலை அவர் நம்பவில்லை. பேக்கிங்கை நிறுத்தச் சொல்லிவிட்டார். லைனிலிருந்து பீஸ் எடுத்து லேபுக்கு அனுப்பி, வாஷ் ஃபாஸ்ட்னஸ், ரப்பிங் ஃபாஸ்ட்னஸ், அதாவது துவைத்தாலும் தேய்த்தாலும் சாயம் நிற்கிறதா என்று, இரண்டும் பார்க்கச் சொன்னார். ஐந்துக்கு நாலு வந்தது, நல்ல ரிசல்ட். ஆனால் ரிப்போர்ட் கைக்கு வர நாலு நாள். அதற்குள் தூத்துக்குடியில் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலில் அனுப்பி, லேட் ஷிப்மெண்ட் என்று அவர்கள் பில்லில் கழித்துக்கொண்டு, அதெல்லாம் பெரிய கதை.

அந்தத் தீபாவளிக்கு என் போனஸில் பாதிதான் வந்தது. கேட்டதற்கு "நீ ஓட்டுன நேவிக்கு இதே ஜாஸ்தி" என்று முதலாளியின் சிரிப்பு. செக்கிங் செக்‌ஷன் அக்காக்கள் முன்னால் அந்தச் சிரிப்பு. அதே வருஷம் முதலாளியின் மச்சினர் தப்பான அளவில் கட்டிங் போட்டு ரோல் ரோலாகத் துணியை வீணாக்கினார், அவர் போனஸை யாரும் தொடவில்லை. எல்லா ஊரிலும் இதுதான் என்பீர்கள். இருக்கட்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாததை எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் இங்கிலீஷ் தப்பு என்று வந்தால் மட்டும் எல்லாருக்கும் சிரிக்க உரிமை வந்துவிடுகிறது, கணக்குத் தப்புக்கும் கட்டிங் தப்புக்கும் யாரும் சிரிப்பதில்லை. உங்கள் மேனேஜர் மீதும் எனக்கு அதே கோபம்தான்.

பிற்பாடு, நான் குடியிருந்த வீட்டு மாடியில் ஓர் இங்கிலீஷ் பேராசிரியர் வாடகைக்கு வந்தார். அவரிடம் இந்த நேவி கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது. இதற்குக் கொலோகேஷன் என்று பெயர், எந்தச் சொல் எந்தச் சொல்லோடு பழக்கமாகச் சேர்கிறது என்பது, என்றார். ஃபர்த் என்ற மொழியியலாளர் 1957இல் ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்தே அறியலாம் என்று எழுதியிருக்கிறாராம். நம் ஊரில் ஆளைப் பற்றிச் சொல்வதைத்தான் அவர் சொல்லைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதற்கும் முன்னால், ஹரால்ட் பால்மர் என்ற இங்கிலீஷ்காரர் ஜப்பானில் இங்கிலீஷ் கற்பிக்கும் முறைக்கு ஆலோசகராகப் போய், அங்கே பிள்ளைகளுக்குச் சிக்கல் இந்தச் சேர்க்கையில்தான் என்று கண்டு, 1933இல் ஆயிரக்கணக்கான சேர்க்கைகளைத் திரட்டி ஓர் அறிக்கையே போட்டிருக்கிறார். ரன் என்ற ஒரு வினைக்கு ஆக்ஸ்போர்டு பெரிய அகராதிக்காரர்கள் 600க்கு மேல் பொருள் பிரித்திருக்கிறார்கள் என்பதும் பேராசிரியர் சொன்னதுதான். என்னுடையது அதில் ஏதோ ஒன்று.

அவர் கேட்ட ஒரு கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. "எட்டாவதுல மரபுப்பிழைன்னு படிச்சீங்களா இல்லையா?"

படித்தேனே! கூடை "செய்தான்" என்று எழுதி எங்கள் தமிழ் ஐயாவிடம் குட்டு வாங்கியவன் நான். கூடை முடைய வேண்டும், பானை வனைய வேண்டும், ஆடை நெய்ய வேண்டும், மாலை தொடுக்க வேண்டும். குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும். எல்லாவற்றுக்கும் "செய்", "கத்து" என்று போட்டால் அர்த்தம் புரியும், மார்க் கிடைக்காது. தொல்காப்பியத்திலேயே "வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்" என்று சூத்திரம் இருக்கிறது. அணி என்று பொதுவாகச் சொன்னால் அதில் தலையில் கவிப்பதும் உண்டு, இடுப்பில் கட்டுவதும் உண்டு. அதனால் "அணி கட்டினார்" என்று ஒன்றுக்கு மட்டும் உரிய வினையைப் போடாதே, "அணிந்தார்" என்று எல்லாவற்றுக்கும் பொருந்துகிற வினையைப் போடு என்று உரைக்காரர்கள் விளக்குகிறார்கள். இவ்வளவு நுணுக்கமாக யோசித்த மொழியில் பிறந்துவிட்டு, இங்கிலீஷ் என்றதும் மட்டும் தனித்தனி வார்த்தையாக மனப்பாடம் செய்கிறோம்.

நம் தொல்லையில் பாதி "பண்ணு" என்ற வார்த்தையிலிருந்து வருகிறது. போன் பண்ணு, தப்புப் பண்ணு, முடிவு பண்ணு, வேலை பண்ணு, கல்யாணம் பண்ணு, எல்லாம் நமக்கு ஒரே பண்ணுதான். இங்கிலீஷில் முதல் மூன்றுக்கு மேக், வேலைக்கு டூ, கல்யாணத்துக்கு இரண்டும் கிடையாது, "கெட் மேரீட்". மீதிப் பாதி "போடு". லைட் போடு என்பதை "புட் த லைட்" என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. பரீட்சையை நாம் எழுதுகிறோம், அதனால் "ரைட் தி எக்ஸாம்". எங்கள் டெல்லி ஏஜென்ட் ஆபீஸ் பையன் இந்தியில் பரீட்சையைக் கொடுப்பதால் "கிவ் தி எக்ஸாம்" என்பான். இங்கிலாந்துக்காரர் டேக் என்பார், அல்லது சிட் என்பார். மூன்று பேருக்கும் பரீட்சை ஒன்றுதான்.

நான் செய்தது இதுதான். ஒரு நீள நோட்டு வாங்கினேன். அந்த இங்கிலாந்து அம்மா அனுப்பும் மெயிலில் எனக்கு எல்லா வார்த்தையும் தெரிந்த வரியாகப் பார்த்து, ஆனால் நானாக எழுதியிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன் என்று தோன்றும் வரியை மட்டும் அப்படியே எழுதி வைத்தேன். தெரியாத வார்த்தை இருந்தால் அந்த வரியை விட்டுவிடுவேன். நான் ஆர்டர் "கிவ்" பண்ணுவார்கள் என்று நினைத்திருந்தேன், அவர் "ப்ளேஸ்" என்று எழுதினார். டெட்லைனை நான் "ஃபினிஷ்" பண்ணிக்கொண்டிருந்தேன், அவர் "மீட்" பண்ணினார். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று வரிதான். மறுநாள் மெயிலில் அதில் ஒன்றையாவது அவருக்கே திருப்பி எழுதிவிடுவேன். இரண்டு வருஷத்தில் நோட்டு நிறைந்துவிட்டது. சந்தேகம் வந்தால், கொலோகேஷனுக்கென்றே அகராதிகள் இருக்கின்றன, அதில் ரெயின் என்று தேடினால் அதோடு சேரும் வார்த்தைகள் வரிசையாக இருக்கும். அல்லது உங்கள் சேர்க்கையை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடி, யார் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதற்கு யாரும் கமெண்டில் வரிந்துகட்டிக்கொண்டு வர வேண்டாம். இந்திய இங்கிலீஷும் இங்கிலீஷ்தான், வெள்ளைக்காரன் மாதிரி ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கும்: நமக்குள் பேசும்போது நேவி தாராளமாக ஓடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. படிக்கிறவர் மான்செஸ்டரில் உட்கார்ந்திருந்தால் கப்பல் போய்விடும் என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் மேனேஜருக்கு வருவோம். அவர் அனுப்பிய பழைய மெயில்களைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். "டிஸ்கஸ் அபௌட்", "ரிவர்ட் பேக்", "கோப் அப் வித்" மூன்றில் ஒன்றாவது இருக்கும், நான் பந்தயம் கட்டுகிறேன். டிஸ்கஸுக்கு அபௌட் சேராது, கோப்புக்கு அப் சேராது, ரிவர்ட் என்றால் அங்கே பழைய நிலைக்குத் திரும்புவது, பதில் எழுதுவதே கிடையாது. கிடைத்தால் வெளியே காட்டிக்கொள்ளாமல், சீட்டில் உட்கார்ந்தபடி நீங்களும் ஒரு தரம் சிரித்துக்கொள்ளுங்கள்.