அத்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நான் என்ன செய்யட்டும்?

கேள்வி: எங்கள் ஊர் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். என் மாமியார் வாய்ப்புற்றால் பதினொரு மாதம் படுக்கையில் கிடந்தார். தீராத நோயாளிகளின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் பாலியேட்டிவ்காரர்கள் வாராவாரம் வீட்டுக்கே வந்து புண்ணைக் கழுவிக் கட்டினார்கள், மாத்திரை தந்தார்கள், படுக்கைப்புண் வராமலிருக்க ஏர் பெட் கொடுத்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. அத்தை போய் நான்கு மாதம் ஆகிறது. நானும் அவர்களோடு சேர்ந்து போக வேண்டும் என்று மனசு கிடந்து தவிக்கிறது. ஆனால் எட்டாவதுதான் படித்திருக்கிறேன். மலையாளம் புரியும், சரளமாகப் பேச வராது. "அதான் ஏர் பெட்டைத் திருப்பிக் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்கிறார் கணவர்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

போங்கள். எட்டாவது படிப்பு இதற்குத் தாராளம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, விரிப்பில் சுருக்கம் விழாமல் இழுத்துவிடுவது, முதுகு சிவக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் உங்கள் கைக்குப் பழகிய வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பயிற்சி வைத்துத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

கேரளத்தில் இந்தப் பாலியேட்டிவ் சேவை 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கியது. ஊர் ஊராக அதைக் கொண்டுபோனவர்கள், வாரம் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிந்த சாதாரண ஜனங்கள். 2008-இல் அரசு கொள்கை வகுத்தபோது பஞ்சாயத்துகளும் சேர்ந்துகொண்டன.

மொழிக்கு வருகிறேன். உங்கள் சித்தூர் வட்டத்தில் தமிழ் மட்டுமே பேசும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். நர்ஸ் "வேதன உண்டோ?" என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி வலிக்குதுங்க ஆத்தா? குத்துதா, குடையுதா, எரியுதா, சுரீர்னு இழுக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள். எரிகிறது, கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிறது என்றால் அது நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மருந்து மட்டும் போதாமல் வேறு மாத்திரையும் சேர்க்க வேண்டிவரும். அந்த ஒரு சொல்லை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் இராத்திரி முழுக்க முனகிக் கிடப்பவர்கள் உண்டு. அதற்கு உங்கள் தமிழ் போதும்.

ஆனால் ஒன்று. நான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது. இப்போதே இன்னொரு வாய்ப்புற்று வீட்டுக்குள் நுழைந்தால் அந்தப் புண்ணின் வாடையே உங்களை உட்காரவைத்துவிடும். முதல் சில மாதம் அலுவலகத்தில் இருங்கள். திரும்பி வருகிற சாமான்களைக் கழுவுவது, எது யார் வீட்டில் இருக்கிறது என்று நோட்டில் எழுதுவது, இப்படி அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. வீடுகளுக்கு எப்போது போகலாம் என்பதை உங்கள் வீட்டுக்கு வந்த நர்ஸிடமே கேளுங்கள். கடன் தீர்க்கிற நினைப்பையும் இறக்கி வைத்துவிடுங்கள். வலியில் இருப்பவர் ஒருநாள் எரிந்து விழுவார், அன்றைக்கு அந்த நினைப்பு தாங்காது.

அப்புறம், வீடுகளுக்குப் போகத் தொடங்கியதும் ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வரும்: "எங்க அத்தைக்கும் இதே நோய்தான்." சொல்லாதீர்கள், தங்கையே. அடுத்த நொடி அவர் கேட்பார்: "இப்ப எப்படி இருக்காங்க?"

பேச்சு வராதபோது கையை வேலை செய்ய விடுங்கள். என் அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது ஒரு தொண்டர் வந்தார். ஒன்றும் பேசவில்லை. அப்பாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, வளைந்து கிடந்த நகங்களை ஒவ்வொன்றாக வெட்டினார். நாங்கள் நான்கு பிள்ளைகள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

கணவரிடம் வாதாட வேண்டாம். அவர் திருப்பிக் கொடுத்த ஏர் பெட்டை யாராவது கழுவி, நிழலில் காயவைத்து, காற்று இறங்குகிறதா என்று பார்த்து அடுத்த வீட்டில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதோடு இரும்புக் கட்டிலும் போகும். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு மட்டும் கூப்பிட்டுப் பாருங்கள்.